கூடலூரில் சங்கம் முன்னால், ஆஸ்பத்திரி பின்னால்

பெண்கள், குழந்தைகள் நலனுக்கான தொண்டுப் பணியைப் பார்க்க நீலகிரிக்கு வருகிறவர்கள் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையைப் பார்க்காமல் போவதில்லை. பார்க்க வேண்டிய இடம்தான். அங்கே செவிலியர்களாக வேலை செய்கிறவர்கள் அதே பள்ளத்தாக்கின் ஆதிவாசி வீட்டுப் பெண்கள். ஆனால் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மனதில் கட்டடம்தான் தங்குகிறது. நம்ம மலையிலும் பத்துப் படுக்கையோடு தொடங்கலாமே என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பும். கூடலூரில் வேலை நடந்த வரிசை வேறு: நிலம் முதலில், ஆதிவாசிகளின் சங்கமும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களும் அதை ஒட்டி, பிறகுதான் ஆஸ்பத்திரி, காப்பீடு, பள்ளிக்கூடம். அந்த வரிசை தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன செய்தது, எங்கே இன்னும் இடறுகிறது என்பதே இந்த ஆய்வு.

இடத்தைப் பற்றி

கூடலூர், பந்தலூர் வட்டங்கள் நீலகிரி மாவட்டத்தில் இருந்தாலும் உதகை, குன்னூர் பக்கத்து நீலகிரி வேறு, இது வேறு. 1877 வரை இது மலபாரைச் சேர்ந்த தென்கிழக்கு வயநாடு. நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. 1969இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தும் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று ஊரார் சொல்லும், உரிமை யாருக்கென்று முடிவாகாத நிலத்தின் சிக்கல் தீரவில்லை. பட்டா இல்லாத இடத்தில் கரண்டு, கழிப்பறை, சாலை எல்லாமே இழுபறி. தாய்சேய் நலத்தைப் பேசும்போது நில வழக்கு எதற்கு என்று கேட்கலாம். சாலை இல்லாத ஊருக்கு 108 வண்டி வராது. காரணம் அவ்வளவுதான்.

பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று ஐந்து ஆதிவாசிச் சமூகங்கள் இங்கே. பணியர் பேச்சு மலையாளத்துக்குக் கிட்டே, காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்குக் கிட்டே. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் சமவெளியிலிருந்து வந்து “மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்க” என்றால், எதிரில் இருக்கும் பெண் தலையாட்டுவாள். புரிந்ததா என்பது அடுத்த மாதம் மாத்திரை அட்டையை எண்ணும்போதுதான் தெரியும். ஜூனில் மழை பிடித்தால் தேவாலா பக்கம் விடாது. ஓடை பெருகும், மண்பாதை சேறாகும், கூலி வேலை குறையும். மாலை ஆறு மணிக்கு மேல் பல பாதைகள் யானைக்குச் சொந்தம்.

வரிசை

1980களின் நடுவில் ஸ்டான் தேக்கேகராவும் மாரி தேக்கேகராவும் தொடங்கிய அக்கார்டு அமைப்பு முதலில் கையில் எடுத்தது நில உரிமை. பறிபோகும் நிலத்தைக் காப்பாற்ற ஆதிவாசிக் குடும்பங்கள் தங்கள் நிலத்தில் தேயிலை நட்டன. ராகி, கிழங்கு போட்டிருந்தால் அறுவடை முடிந்ததும் நிலம் வெறுமையாகத் தெரியும், யாரும் வந்து உரிமை கொண்டாடலாம். தேயிலைச் செடி பல ஆண்டு நிற்கும் பயிர். அதைப் பிடுங்குவது அவ்வளவு எளிதல்ல. ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்ற சங்கம் ஆனது. 1988இல் ஆயிரக்கணக்கானோர் கூடலூர் வீதியில் நில உரிமைக்காக ஊர்வலம் போனார்கள்.

உடல்நல வேலை 1987இல், ஆஸ்பத்திரி இல்லாமலே ஆரம்பித்தது. இளம் மருத்துவத் தம்பதியர் வந்து ஊர்ப் பெண்களையும் ஆண்களையும் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். தடுப்பூசி, வயிற்றுப்போக்குக்கு உப்புசர்க்கரைக் கரைசல், கர்ப்பிணியைக் கவனிப்பது, அபாயம் தெரிந்தால் அனுப்புவது. அனுப்பப்பட்டவர்கள் வெளி ஆஸ்பத்திரிகளுக்குப் போகத் தயங்கினார்கள். ‘நமக்கென்று ஒன்று வேண்டும்’ என்ற பேச்சு சங்கத்திலிருந்து வந்தது. 1990இல் அஸ்வினி என்ற அமைப்பின் கீழ் மருத்துவமனை பிறந்தது. 1992இல் காப்பீடு. 1990களின் நடுவில், வித்யோதயா பள்ளி ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியானது.

இந்த வரிசையால் கிடைத்த பெரிய லாபம் ஒன்று. ஊர்ப் பணியாளர் வீட்டு வாசலில் நிற்கும்போது ‘ஆஸ்பத்திரிக்காரி’யாக நிற்கவில்லை, சங்கத்தின் ஆளாக நின்றார். நிலத்துக்காகச் சேர்ந்து நடந்த கூட்டத்தில் பக்கத்தில் நடந்தவர் அவர். வேலை சரியில்லை என்றால் சம்பளம் கொடுக்கும் அலுவலகம் கேட்கும் முன்பே ஊர்க்கூட்டம் கேட்டுவிடும். சங்கம் இல்லாத இடத்தில் நியமிக்கப்படும் பணியாளர் தனக்கு மேலே இருப்பவருக்கு மட்டுமே பதில் சொல்கிறார். பதிவேடு அழகாக நிரம்பும். கர்ப்பிணி எட்டாம் மாதத்தில்தான் கண்ணில் படுவாள்.

ஊர்ப் பணியாளர் கையில் இருப்பவை

மூன்று அடுக்கு. கீழே ஊர்ப் பணியாளர், நடுவில் பல ஊர்களுக்கு ஓர் ஏரியா சென்டர், மேலே மருத்துவமனை. நடு அடுக்கில் பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கிறார். அவருக்குத்தான் பாரம் அதிகம், பேரும் குறைவு. நன்கொடையாளர் அறிக்கையில் படம் வருவது மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும்.

ஊர்ப் பணியாளரின் பையில் அதிகம் இருக்காது. எடை பார்க்கும் தொங்கு தராசு, மேற்கை அளக்கும் மூன்று வண்ண நாடா, தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாராசிட்டமால், இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை, ஒரு நோட்டு. இந்த எளிய கருவிகளில்தான் தவறும் எளிதாக நுழைகிறது.

தராசை எடுத்துக்கொள்வோம். 25 கிலோ தராசு, 100 கிராம் கோடுகள். மழைக்காலத்தில் குழந்தை ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டு ஒரு பொட்டலமாக இருக்கும். கழற்ற அம்மாவுக்கு மனம் வராது, “சளி பிடிச்சிடும்” என்பாள். அந்தத் துணியே 300, 400 கிராம் இருக்கலாம். ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்கு மாதம் கூட வேண்டியதே 200 முதல் 250 கிராம்தான். ஆக ஒரு ஸ்வெட்டர், இரண்டு மாதமாக எடை கூடாததை மறைத்துவிடும். மே மாதம் சட்டையோடு, ஜூலையில் ஸ்வெட்டரோடு எடுத்த எடைகளை வைத்து வளர்ச்சிக்கோடு போட்டால் மழையில் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்வதுபோல் தெரியும். நடப்பது நேர்மாறு. வழி ஒன்றுதான்: அடுப்பு எரியும்போது, கதவைச் சாத்தி, துணியைக் கழற்றி எடை போடுவது. அதற்கு வீட்டுக்குள் போகும் உரிமை வேண்டும். சொந்தக்காரப் பெண்ணுக்கு அது இருக்கிறது.

மேற்கை நாடா ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நாடாவை இறுக்கி இழுத்தால் பச்சை மஞ்சளாகும், தளர விட்டால் சிவப்பு மஞ்சளாகும். சிவப்பு வந்தால் அந்த வாரமே ஏரியா சென்டர். பால்வாடியில் சத்துமாவு வாங்குகிறார்களா என்று பார்ப்பதோடு, வாங்கிய மாவை வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மழைக்கால வறுமையில் ஒரு குழந்தைக்கான பாக்கெட் நான்கு பேரின் காலைச் சாப்பாடு. அதைக் குற்றமாகச் சொல்லிப் பயனில்லை. எடை குறைந்த குழந்தைகளுக்கும் அவர்கள் தாய்மார்களுக்குமான தமிழக அரசின் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் 2022 மே மாதம் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. பட்டியலில் பெயர் ஏற, எடையும் உயரமும் சரியாக எடுத்திருக்க வேண்டும். மறுபடி ஸ்வெட்டர்தான் வந்து நிற்கிறது.

இரும்பு மாத்திரையின் கதை தேயிலை மலைக்கே உரியது. கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள், தினம் ஒன்று. காலையில் கட்டன் சாயாவோடு விழுங்கினால் தேநீரில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பை உடம்பில் சேரவிடாது. மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் ஒன்பதிலேயே நிற்கும், ‘இவள் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாள்’ என்று பழி அவள் மேல் விழும். சாயாவை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாயாவுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் விட்டுப் போடச் சொன்னால் கேட்கிறார்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. மலம் கறுப்பாகப் போகும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால் இரண்டாம் வாரம் நின்றுவிடும். ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே போனால் ஊரில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை, ஆஸ்பத்திரி.

தடுப்பூசி நாட்காட்டிக்கும் காட்டு நாட்காட்டிக்கும் ஒத்துவராது. ஆறு, பத்து, பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என்று ஊசிக்குக் கணக்கு. தேன் எடுக்கும் பருவத்தில் காட்டுநாயக்கர் குடும்பங்கள் காட்டுக்குள் போய்விடும். பணியர் குடும்பங்கள் இஞ்சி, காப்பி வேலைக்குக் குடகு வரை போவார்கள். ஊசி போடும் நாள் மாதத்தின் இத்தனையாவது புதன் என்று நிலையாக இருக்கும்போது இவர்கள் தப்பிவிடுகிறார்கள். யார் எப்போது கிளம்புகிறார்கள் என்று ஊர்ப் பணியாளருக்கு முன்பே தெரியும். கிளம்பும் முன் ஊசியை முடித்து, அட்டையைப் படம் எடுத்து வைத்து, அசல் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புவது அவர் வேலை.

பிரசவத்தன்று எது கழன்று போகிறது

மருத்துவமனை இருக்கிறது, 108 இருக்கிறது, செவிலியருக்குக் கர்ப்பிணியைத் தெரியும். அப்படியும் வீட்டில் பிரசவம் நடந்தால் காரணம் பெரும்பாலும் மருத்துவம் சார்ந்ததாக இருக்காது. மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதே முதல் காரணம். அடுத்தது கூலி. கணவன் துணைக்குப் போனால் இரண்டு கூலியும் போகும், ஆஸ்பத்திரி வாசலில் அவனுக்குச் சாப்பாட்டுச் செலவு வேறு. மூன்றாவது, இருட்டியபின் சாலை வரை போகும் பாதை.

அதனால் 36ஆம் வாரத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதும் பிரசவத் திட்டத்தில் இருக்க வேண்டியவை: வண்டி வரக்கூடிய கடைசி இடம், அங்கே வரை தூக்கிப் போக நான்கு பேர், போன் டவர் கிடைக்கும் மேடு எது, 108 வராவிட்டால் ஜீப் யாருடையது, ஜீப்புக்குப் பணம் யார் கொடுப்பார்கள், பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கும், ஆடு கோழியை யார் பார்ப்பார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கும் டாக்டர்கள் உண்டு. ஊரில் யாரும் சிரிப்பதில்லை. முதல் பிரசவம், முன்பு சிசேரியன், இரட்டைப் பிள்ளை, ரத்த அழுத்தம், சிக்கிள் செல் ரத்தசோகை என்று எதுவும் இருந்தால் தேதிக்கு ஒரு வாரம் முன்னரே கொண்டுவந்து தங்க வைப்பது நல்லது. மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்ததும் இதற்காகவே. தங்கும் பெண்ணுக்குச் சாப்பாடு கொடுத்து, கூட வந்தவருக்குக் கொடுக்காவிட்டால் இரண்டாம் நாள் காலையில் இருவருமே ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். துணையாளின் சாப்பாட்டுச் செலவை ‘இதர செலவு’ என்று எழுதும் பட்ஜெட்டில் அதுதான் முதலில் வெட்டுப்படும். அதைத் தாய்சேய் நலத் தலைப்பிலேயே எழுத வேண்டும்.

சிக்கிள் செல்: குடும்பத்துக்கே வரும் நோய்

கூடலூர் பள்ளத்தாக்கின் தனிச் சிக்கல் அரிவாள் செல் ரத்தசோகை, ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய். ஊரில் சிக்கிள் செல் என்றே சொல்கிறார்கள். தாயும் தகப்பனும் இருவருமே கடத்திகளாக, அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, கடத்தியாகப் பிறக்க நான்கில் இரண்டு, ஒன்றுமில்லாமல் பிறக்க நான்கில் ஒன்று. இதைச் சொல்லும்போது அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரித் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்: ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது.’ தாயக்கட்டையைப் போல, ஒவ்வொரு முறையும் புதிதாக உருட்டுவதுதான். முன்பு விழுந்தது அடுத்து விழுவதைத் தடுக்காது.

ஊரளவில் செய்யும் முதல் சோதனை கரைதிறன் சோதனை. இரண்டு மில்லி கரைசல் உள்ள கண்ணாடிக் குழாயில் விரல்நுனி ரத்தம் 20 மைக்ரோலிட்டர் விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்து, கறுப்புக் கோடுகள் போட்ட காகிதத்துக்கு முன்னால் பிடிக்கிறார்கள். குழாயின் வழியாகக் கோடு தெரிந்தால் இல்லை, கலங்கிக் கோடு மறைந்தால் இருக்கிறது. வாசலில் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தபடி செவிலியர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். சுற்றி நிற்கும் பெண்களும் கோட்டைத்தான் பார்ப்பார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் கண்ணில் படும் சோதனை இது, அதுவே இதன் பலம்.

பலவீனங்கள் மூன்று. கலங்கினால் கடத்தியா நோயாளியா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. சோதனைக்கு ரத்தம் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இதை நம்ப முடியாது, பிறந்தபோது இருந்த வேறு வகை ஹீமோகுளோபின் அப்போது மிச்சம் இருக்கும். கடும் ரத்தசோகை இருந்தாலும் கலங்கலே தெரியாமல் போகலாம். ஆக, ரொம்ப வெளுத்துப்போன குழந்தைக்கு ‘இல்லை’ என்று வந்தால் அந்த முடிவை நம்பி அனுப்பிவிடக் கூடாது. 2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய சிக்கிள் செல் இயக்கம் 40 வயது வரை உள்ளவர்களைச் சோதிக்கிறது. எண்ணிக்கையைத் துரத்தும் முகாம்களில் முதல் சோதனை முடிந்து இரண்டாம் சோதனை முடிவு வீடு வந்து சேராமல் போவதே பெரிய ஓட்டை. முடிவைக் கொண்டு கொடுக்கும் ஆள் ஊரில் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே முகாம் போட வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு நீளும் வேலைதான் குடும்பத்தைத் தாங்குவது. நோயுள்ள குழந்தைக்கு ஐந்து வயது வரை தினம் பென்சிலின், ஃபோலிக் அமிலம், நிமோகாக்கல் தடுப்பூசி. மண்ணீரல் எங்கே இருக்கும், எப்படித் தடவிப் பார்ப்பது என்று தாய்க்குக் கற்றுக்கொடுப்பது: குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடித்து, இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து. சாதாரண நாளில் எவ்வளவு தட்டுப்படுகிறது என்று தெரிந்தால்தான், திடீரென்று பெரிதாகி குழந்தை வெளுக்கும்போது அவளுக்கு ஓடத் தோன்றும். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சு முட்டல், கைகால் தளர்ச்சி எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. சாதாரண மூட்டுவலிக்கு நிறையத் தண்ணீர், வெதுவெதுப்பு, பாராசிட்டமால்.

குளிரும் ஈரமும் வலியைத் தூண்டும். தேவாலா மழையில் ஓட்டைக் கூரை வீட்டில் அந்தக் குழந்தைக்கு எது மருந்து? கம்பளி, தார்ப்பாய், காய்ந்த விறகு. மே மாதக் கடைசிக்குள் இவை போய்ச் சேர்ந்தால் ஜூலையில் வார்டில் கூட்டம் குறையும் என்று எதிர்பார்க்கலாம். மருந்துத் தலைப்பில் கம்பளி வாங்க முடியாது என்று கணக்கர் சொல்வார், அவரோடு சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரியவர்களுக்கும், வலி அடிக்கடி வரும் பிள்ளைகளுக்கும் ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை நன்றாகக் கேட்கிறது. ரத்த அணு எண்ணிக்கையை ஆரம்பத்தில் மாதாமாதம் பார்க்க வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண் முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். அதனால் மாத்திரை கொடுக்கும் பேச்சிலேயே கருத்தடைப் பேச்சும் வரவேண்டும், அதைப் பேச ஆண் பணியாளர் கூச்சப்பட்டால் வேலை நடக்காது. நோயுள்ள கர்ப்பிணிக்கு ஃபோலிக் அமிலம் கட்டாயம், இரும்பு மாத்திரை மட்டும் இரும்புக் குறைவு இருக்கிறதா என்று பார்த்த பிறகு. பலமுறை ரத்தம் ஏற்றியவர்களுக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும்.

கல்யாணப் பேச்சில் இது இன்னொரு மாதிரி வெடிக்கிறது. இருவருமே கடத்தியாக இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஆனால் சோதனை முடிவு எழுதிய அட்டை கொடுத்ததும் பெண்ணின் அட்டையை மட்டும் கேட்கிறார்கள். மாப்பிள்ளையின் அட்டையை யாரும் கேட்பதில்லை. முடிவை ஊர்க்கூட்டத்தில் வாசிக்காமல் அவரவர் கையில் தனியாகக் கொடுப்பது, ஆலோசனைக்கு இரு வீட்டாரையும் சேர்த்து உட்கார வைப்பது, இரண்டையும் விதியாகவே வைக்க வேண்டும்.

பணம்

1992இல் தொடங்கிய காப்பீட்டின் எளிமை கவனிக்கத் தக்கது. சங்க உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சிறு தொகை கட்டுகிறார்கள், அமைப்பு மொத்தமாகக் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசிக் குழுப் பாலிசி எடுக்கிறது, படுக்கையில் சேர்ந்தவர் வாசலில் பணம் எண்ண வேண்டாம். 2010இல் வெளியான ஆய்வொன்று, காப்பீடு உள்ளவர்கள் இல்லாதவர்களைவிட 2.2 மடங்கு அதிகம் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகக் கண்டது. ஏழைக்கு நோய் குறைவாக வருவதில்லை, படுக்கைக்கு வருவதுதான் குறைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இதை அப்படியே நகல் எடுத்தால் இரண்டு இடத்தில் உடையும். சந்தா வசூலை மழை மாதத்தில் வைத்தால் கட்ட முடியாதவர்களே அதிகம், அவர்கள்தான் அந்த மாதத்தில் படுப்பவர்களும். காப்பிப்பழம் பறிக்கும், கையில் கூலி இருக்கும் மாதங்களில் வசூலிக்க வேண்டும். இரண்டாவது, நோயாளி மட்டும் சேர்ந்தால் நிதி வற்றும். அதனால் வீட்டில் உள்ள எல்லோரையும் சேர்த்தே கட்ட வைக்க வேண்டும். ‘எனக்கு ஒன்றுமில்லையே, ஏன் கட்டணும்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அலுவலகத்தால் முடியாது, சங்கத்தால் முடியும்.

இப்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அது போதும். ஜீப் வாடகை, துணையாள் சாப்பாடு, போன கூலி, மாதாமாதம் வாங்கும் மாத்திரை, இவற்றுக்கு அதில் இடமில்லை. உள்ளூர் நிதி இந்தச் சில்லறைகளுக்கே இருக்க வேண்டும். குடும்பங்களைக் கடனில் தள்ளுவது இந்தச் சில்லறைதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகவும் மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் என்ற அரசுக் கர்ப்பப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். பிந்திப் பதிந்தவர்கள், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காதவர்கள், ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் இன்னொரு பெயரும் உள்ளவர்கள் தவிக்கிறார்கள். மலையாள உச்சரிப்பில் ஒருவர், தமிழ் உச்சரிப்பில் ஒருவர் என்று ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். கர்ப்பம் தெரிந்த பின் திருத்தத் தொடங்கினால் பிரசவம் முந்திவிடும். கல்யாணம் ஆன வருடமே ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதை ஊர்ப் பணியாளர் வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுவது நல்லது.

சட்டம் குறுக்கே வரும் இடம்

பதினாறு, பதினேழு வயதில் பெண்ணும் பையனும் சேர்ந்து வாழத் தொடங்குவது சில சமூகங்களில் வழக்கம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18க்குக் கீழே கர்ப்பம் என்றால் தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. விளைவு, அந்தப் பெண் யார் கண்ணிலும் படாமல் ஒளிகிறாள். நமக்குத் தெரிந்தவரை ஆதிவாசிப் பகுதி தாய்சேய் வேலையில் இதைவிடக் கஷ்டமான முடிச்சு இல்லை. பணியாளர் சட்டத்தை மீறக்கூடாது, அவளைக் கைவிடவும் கூடாது. புகாரைப் பணியாளர் தனியாகச் சுமக்காமல் மருத்துவமனை செய்யட்டும். அவளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோகும்போது கூட யார் போவது என்று முன்பே முடிவு செய்யட்டும். சிகிச்சை ஒரு நாளும் நிற்கக்கூடாது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுக்கும்போது பெயர், அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது பல டாக்டர்களுக்கே தெரியாது.

வீட்டில் அடிதடி நடந்தால் முதலில் ஓடிவருவது ஊர்ச் சங்கம்தான். குடித்துவிட்டு நடக்கும் சண்டையைச் சங்கம் பேசித் தீர்ப்பதும் உண்டு. ஆனால் அடிக்கிறவன் சங்கத் தலைவரின் தம்பியாக இருந்தால்? இந்த வரிசையின் பலவீனம் அங்கே வெளிப்படுகிறது. அதனால் சங்கத்தைத் தாண்டிப் போகும் வழியும் திறந்திருக்க வேண்டும்: பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர். அவருக்குப் போகும் குடும்ப நிகழ்வு அறிக்கையை நிரப்பத் தெரிந்தவர் ஏரியா சென்டரில் ஒருவராவது வேண்டும். அவர் அதே ஊர்க்காரராக இல்லாதிருப்பது நல்லது.

பள்ளிக்கூடம்

சுருக்கமாகச் சொன்னால் போதும். பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது பெரும்பாலும் முதல் இரண்டு வகுப்பிலோ, ஐந்தாம் வகுப்பு முடிந்து தூரத்துப் பள்ளிக்குப் போகும்போதோ நடக்கிறது. முதலாவதற்குக் காரணம் மொழி: வீட்டுப் பேச்சில் பேசும் ஆதிவாசி ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருந்தால் பாதி தீரும். வித்யோதயா ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது இதற்காகத்தான். இரண்டாவதற்குக் காரணம் யானைப் பாதையும் பஸ்சும். பெண் பிள்ளைக்கு அதோடு தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேரும். பால்வாடி நேரம் அம்மாவின் தோட்ட வேலை நேரத்துக்கு ஒத்துப்போனால் அந்தப் பெண் பிள்ளை பள்ளியில் இருப்பாள். தோட்டத்தில் கொழுந்து எடை போடுவதற்கு முன் பால்வாடி பூட்டப்பட்டால் மத்தியானம் அவள் வீட்டில் இருப்பாள்.

பழனி மலையில் தொடங்குவதென்றால்

கொடைக்கானல், தாண்டிக்குடி பக்கத்துப் பளியர், புலையர் குடியிருப்புகளில் இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் முதல் ஆண்டில் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டாம். சிக்கிள் செல்லைக் கூடலூரிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு போகவும் வேண்டாம். அங்கே இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகு திட்டத்தில் சேர்க்கலாம். முதலில் வன உரிமைச் சட்டத்தில் யார் விண்ணப்பித்திருக்கிறார்கள், யாருக்குப் பதில் வரவில்லை என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுப்பது. கூடவே பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பட்டியல். அந்த வேலையில் ஓடியாடுகிற பெண்கள் யார் என்று இரண்டாம் ஆண்டில் ஊருக்கே தெரிந்திருக்கும், அவர்களில் யாரைப் பணியாளராக அனுப்புவது என்று ஊர் சொல்லட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தகுதியாக வைத்தால் ஊருக்கு வெளியே இருந்துதான் ஆள் வருவார். பயிற்சியை ஒரே மூச்சில் முப்பது நாள் வைக்காமல் மாதத்துக்கு மூன்று நாளாகப் பிரிக்க வேண்டும், பால் குடிக்கும் பிள்ளையோடு வருவதற்கு இடம் விட வேண்டும், அந்த மூன்று நாளின் கூலியையும் கொடுக்க வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர் அரசு வேலை கிடைத்துக் கிளம்பிப் போவது நடக்கும், அதைத் தடுக்கப் பார்ப்பது வீண். ஆண்டுதோறும் அடுத்த அணி வகுப்பில் இருக்கும்படி பட்ஜெட் போட்டு வைப்பதே செய்யக்கூடியது.